நில், நிறுத்து, நிற்றல்

‘1936-இல் ஆலன் டியூரிங் ஹால்ட்டிங் சிக்கலை முன்வைத்தார்’ என்ற வாக்கியம் கணினிப் பாடநூல்களில் சலிக்கச் சலிக்க வருகிறது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதியது. மூலக் கட்டுரையை ஒருமுறை புரட்டியிருந்தால் இது நேர்ந்திராது. ‘ஹால்ட்டிங்’, அதாவது நிற்றல், என்ற சொல் அதில் இல்லை. சொல் இல்லாதது கிடக்கட்டும், பொருளே அங்கே தலைகீழாக இருக்கிறது.

டியூரிங் வேண்டியது ஒரு மெய்யெண்ணின் இலக்கங்களை ஓயாமல் அச்சிட்டுக்கொண்டே போகும் இயந்திரம். அப்படி ஓயாதது நல்ல இயந்திரம்; அதற்கு அவர் இட்ட பெயர் ‘சர்க்கிள்-ஃப்ரீ’, வட்டமற்றது. சில இலக்கங்களோடு அடங்கிப்போவது ‘சர்க்குலர்’, வட்டத்தில் விழுந்தது. ஆக, நின்றுவிடும் இயந்திரம் அவர் கணக்கில் பழுதானது. எட்டாம் பிரிவில் அவர் நிறுவுபவை இரண்டு: வட்டமற்றதா என்று தீர்ப்புச் சொல்லும் இயந்திரம் இல்லை, குறித்த ஒரு குறியை எப்போதாவது அச்சிடுமா என்று சொல்லும் இயந்திரமும் இல்லை. இவற்றிலிருந்து நிற்றல் சிக்கலை, அதாவது ஓர் இயந்திரம் என்றேனும் நிற்குமா என்ற கேள்வியை, வருவிக்கலாம் என்பார்கள். வருவிக்கலாம்தான். வருவிக்கத்தக்கது வேறு, சொன்னது வேறு.

எதிர்த்தரப்பு கடைசியில் கணினி அறிஞர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சியின் 1965-ஆம் ஆண்டுக் கடிதத்தை நீட்டும். 1953-இல் டியூரிங் தம்மிடம் வாய்மொழியாக ஒரு நிறுவல் சொன்னார் என்கிறார் ஸ்ட்ரேச்சி. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிந்திய நினைவு அது. பேசப்பட்ட ஆண்டோ 1953. 1936-க்கு அது சாட்சியாகாது.

சொல்லின் வேரை வேறிடத்தில் தேட வேண்டும். அதே 1936-இல் நியூயார்க்கின் எமில் போஸ்ட், டியூரிங்கின் கட்டுரையைப் பாராமலே, மூன்று பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இயந்திரமே இல்லை. வரிசையாகப் பெட்டிகள், குறியிடவும் அழிக்கவும் ஒரு வேலையாள், அவனுக்குச் சில கட்டளைகள். அக்கட்டளைகளுள் ஒன்று ‘ஸ்டாப்’. வேலை முடிந்தால் நிற்க வேண்டும் என்ற எண்ணம் இத்துறையில் தெளிவாக வருவது இங்கேதான். டியூரிங்குக்கு நோயாக இருந்தது போஸ்ட்டுக்கு நிறைவு. 1952-இல் ஸ்டீபன் கிளீனியும் தம் பெருநூலில், ஓர் இயந்திரம் என்றேனும் நிற்குமா என்று தீர்மானிக்க வழிமுறை இல்லை என்று எழுதுகிறார். ‘சிக்கல்’ என்ற பெயரோடு ‘ஹால்ட்டிங்’ அச்சேறியது மார்ட்டின் டேவிஸ் 1958-இல் வெளியிட்ட நூலில். இந்த டேவிஸ் யார்? நியூயார்க் சிட்டி கல்லூரியில் போஸ்ட்டிடம் பயின்ற மாணவர். ஆசிரியரின் ‘ஸ்டாப்’ மாணவரிடம் ‘ஹால்ட்’ ஆயிற்று என்பது என் துணிபு.

சொல் மாறியது ஏன்? கணினிக்கூடத்து வழக்கு ஒட்டிக்கொண்டது என்பார் உண்டு. கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியின் ‘இசட்’ ஆணை, இயந்திரத்தை நிறுத்தி எச்சரிக்கை மணியை அடிப்பது. கையேட்டில் அதற்கும் ‘ஸ்டாப்’ என்றே பெயர். எனவே கூடத்து வழக்கு மட்டும் போதாது. பொருள் வேறுபாடு இருக்கிறது. போஸ்ட்டின் ‘ஸ்டாப்’ வேலையாளுக்கு இடப்படும் ஏவல். டேவிஸின் இயந்திரத்தை யாரும் ஏவுவதில்லை. அடுத்துப் பொருந்தும் விதி இல்லாதபோது அது தானாக ஓய்கிறது. முன்னது நிறுத்து, பின்னது நில். பிறவினையும் தன்வினையும்.

‘ஹால்ட்’ ஆங்கிலத்துக்கு வந்தது படைவழக்கிலிருந்து. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், ‘பிடி’ என்னும் பொருளுள்ள ஜெர்மன் ‘ஹால்ட்டன்’ வழியாக. நொண்டி என்னும் பொருளுள்ள பழைய ஆங்கில ‘ஹால்ட்’டோடு இதை முடிச்சிடுவார்கள். இரண்டும் வேறு வேர். இயந்திரத்தின் ‘ஸ்டேட்’ நிற்றலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. நாமும் அதை ‘நிலை’ என்கிறோம். நில் என்பதன் பிள்ளை அது. ஓடுகிற இயந்திரமும் படிதோறும் ஒரு நிலையில்தான் இருக்கிறது.

நிற்றல் என்பது எத்தனையாவது படியில்? முடிவுறு படிகளுள் ஒன்றில் என்பதே பழைய விடை. கணித அறிஞர் கேன்டர் 1883-இல், 1, 2, 3 என்று எல்லா எண்களும் தீர்ந்தபின் வரும் முதல் வரிசையெண்ணுக்கு ஒமேகா என்று பெயரிட்டார். அதன்பின் ஒமேகா கூட்டல் ஒன்று, ஒமேகாவின் இருமடி என ஏறிக்கொண்டே போகலாம். டியூரிங்கும் வரிசையெண்களை அறிந்தவரே. 1939-இல் அவற்றின்மேல் தர்க்க முறைகளை அடுக்கினார். இயந்திரத்தின் கடிகாரத்தில் அவற்றை ஏற்றவில்லை.

ஏற்றியவர்கள் கணித அறிஞர்கள் ஜோயல் ஹாம்கின்ஸும் ஆண்டி லூயிஸும். கட்டுரை வெளிவந்தது 2000-இல். ஒமேகா போன்ற எல்லைப்படி வந்ததும், நாடாவைப் படிக்கும் முனை அதன் முதற்கட்டத்துக்குத் திரும்பும். இயந்திரம் ‘லிமிட்’ என்னும் தனிநிலை அடையும். ஓயாமல் மாறிவந்த கட்டத்தில் 1 நிற்கும். சாதாரண இயந்திரம் நிற்குமா என்ற கேள்வியை இது விளையாட்டாகத் தீர்க்கும். அதை ஓட்டிப் பார்க்கும். ஒமேகா வரை நிற்காவிட்டால் ‘இல்லை’ என்று எழுதித் தான் நிற்கும்.

உள்ளீடின்றி ஓடி எந்தப் படிகளில் நிற்க முடியுமோ அந்த வரிசையெண்களை ‘கிளாக்கபிள்’ என்றனர். சர்ச், கிளீனி பெயர்தாங்கிய வரிசையெண் ஒன்று உண்டு, கணிக்கத்தக்க வரிசையெண்கள் அனைத்தையும் தாண்டிய முதல் எண். அதற்குக் கீழே உள்ள எல்லாப் படியிலும் ஏதேனும் ஓர் இயந்திரம் நிற்கும். அந்த எண்ணில் எதுவும் நிற்பதில்லை. அங்கே ஒமேகா நீளத்துக்கு ஓர் இடைவெளி. அதைத் தாண்டியதும் மறுபடி நிற்பவை உண்டு. நிரல்கள் எண்ணத்தக்கவை, ஆகவே நிற்கும் காலங்கள் எல்லாவற்றுக்கும் மேலெல்லையும் எண்ணத்தக்க வரிசையெண்ணே. நிற்கும் காலங்களின் மேலெல்லையும், இவ்வியந்திரங்கள் எழுதிக்காட்டக்கூடிய வரிசையெண்களின் மேலெல்லையும் ஒன்றே என்று ஃபிலிப் வெல்ஷ் நிறுவினார்.

நிற்காதவை? அவை எண்ணத்தக்க ஒரு படியிலேயே பழைய தோற்றத்துக்குத் திரும்பி, அதன்பின் சுழன்றுகொண்டே இருக்கும். முடிவின்மையைக் கடந்தும் ஓடும் இயந்திரத்துக்கு வழி இரண்டே: நிற்றல், அல்லது வட்டம். டியூரிங் உவமையாக வைத்த வட்டம் இங்கே உண்மையிலேயே வட்டமாகிறது. நிற்றலுக்கு எதிர்ச்சொல் முடிவின்மை என்று இத்தனை காலம் சொல்லிவந்தது பிழை.

இதனால்தான் ‘ஹால்ட்டிங்’ என்பதை ‘நிறுத்தல்’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. நிறுத்த ஒரு கை வேண்டும். ஒமேகாவுக்கு அப்பால் எந்தக் கையும் இல்லை. தானாய் ஓய்வதற்குத் தமிழில் பெயர் நிற்றல், அதையே எழுதுக.