லேடீஸுக்கு இது போதுமா?

பொட்டிபுரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காலிக் கேனைக் கட்டிக்கொண்டு அண்ணன்மார் நீச்சல் பழகினார்கள். நான் மேல்படியில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளைக் காவல் காத்தேன். "பொம்பளப் பிள்ளைக்குக் கெணத்துல என்ன வேல?" என்பாள் அப்பத்தா. முப்பது வயதுக்கு மேல்தான் நீச்சல் கற்றேன். பிறகு ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தேன்.

நீருக்கடியில் முகக்கண்ணாடியைக் கழற்றி, ஒரு நிமிடம் அது இல்லாமல் மூச்சுவிட வேண்டும். மறுபடி மாட்டி, மூக்கால் காற்றை ஊதி உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற வேண்டும். திக்குமுக்காடி ஒருமுறை செய்து முடித்தேன். "லேடீஸுக்கு இது போதும்" என்றார் பயிற்றுநர். அன்று எனக்கு மகிழ்ச்சிதான்.

விதியைப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி அமைப்பு, தேர்ச்சிக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. ஒரு திறனைப் பதற்றமின்றி, தடங்கலின்றி, திரும்பத் திரும்பச் செய்ய முடிவதே தேர்ச்சி. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அதில் இல்லை. காரணம் எளிது. தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் ஆழம்வரை போகலாம். அங்கே கண்ணாடிக்குள் நீர் புகுந்து, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். இரக்கப்பட்டுப் போட்ட மதிப்பெண் அங்கே உதவாது.

இந்த அளவுகோலுக்கு முன் நின்று வென்ற பெண்கள் தொடக்கத்திலேயே உண்டு. 1955-இல் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி நடத்திய பயிற்றுநர் பயிற்சியை முடித்து, அமெரிக்காவின் முதல் பெண் ஸ்கூபா பயிற்றுநரானார் டாட்டி ஃபிரேஸியர்.

நம் கடலில் சான்றிதழ் இல்லாமலே தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள், விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். மூத்த பெண்களோடு கடலுக்குப் போய்க் கற்ற தொழில் அது. திரும்பத் திரும்பச் செய்ய முடிவதுதான் தேர்ச்சி என்றால், அவர்கள் அதை நிரூபிக்கிறார்கள். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானபோது, பாசி எடுத்துவந்த இடங்களிலேயே அவர்கள் அத்துமீறுபவர்களானார்கள். அவர்களின் உரிமைக்கும் கடல் பாதுகாப்புக்கும் சேர்த்தே உழைத்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. ஒரு பெண்ணின் திறமையைக் குறைத்து அளப்பதும், அளக்காமலே தள்ளிவிடுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள்.

மறுநாள் பயிற்றுநரிடம் போய், "சார், அந்தக் கண்ணாடிப் பயிற்சியை இன்னும் செய்யணும்" என்றேன். "பாஸ்தானே போட்டுட்டேன்?" என்றார். "எனக்கு இன்னும் வரல சார்" என்றேன். அன்று ஐந்து முறை செய்தேன். ஐந்தாவது முறைதான் பயம் வரவில்லை.