குடகர் இடுப்பில் ஒரு கத்தி

ஆயுத பூசை வந்தால் பெங்களூரின் ஓசூர் சாலையில் சந்தாபுரா, பொம்மசந்திரா பக்கம் லேத் பட்டறைகளும் லாரிகளும் சந்தனம் குங்குமத்தோடு நிற்கும். அதே கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர்கள், அதாவது குடகர்கள், தங்கள் ஆயுதங்களுக்கு அதற்கு முன்பே பூசையை முடித்திருப்பார்கள். செப்டம்பர் 3ஆம் தேதியை ஒட்டி வரும் கைல்போது பண்டிகை அது. நடவு வேலை முடிந்த கையோடு, வீட்டுத் துப்பாக்கிகளையும் கத்திகளையும் துடைத்து வரிசையாக வைத்து, தோக் பூ சூட்டுவார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அந்தத் தோக் பூ.

பார்க்க வருபவர்களின் கண் முதலில் துப்பாக்கியில்தான் நிற்கும். கொடவர்களின் அன்றாட வாழ்க்கையை அறிய வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் பீச்சேகத்தி என்னும் இடுப்புக் கத்தியைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

அலகு ஏறக்குறைய 7 அங்குலம். கனமானது, ஒரு பக்கம் மட்டும் கூர். பிடியின் நுனியில் பல கத்திகளுக்கு வெள்ளியில் கிளி மூக்கு. உறையிலிருந்து ஒரு வெள்ளிச் சங்கிலி தொங்கும். அந்தச் சங்கிலியின் முனையில் இருப்பவைதான் சுவாரசியம்: முள்வாங்கி, நகத்தழுக்கு எடுக்கும் குச்சி, காது குடையும் சின்னக் கரண்டி. நம்மூர் விவசாயிகளும் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியைக் கோத்து வைத்திருந்தார்கள். காட்டிலும் வயலிலும் நாளெல்லாம் நடக்கிற மனிதனுக்கு எதிரியைவிட முள்தானே அதிகம் எதிர்ப்படும்! வெட்டுக்கு வேறு கத்தி இருந்தது. அகன்று வளைந்த ஒடிகத்தியை, முதுகுப் பக்கம் தோடங்கு என்ற பித்தளைக் கொக்கியில் உறையில்லாமலே செருகிக்கொள்வார்கள்.

1834இல் குடகை ஆங்கிலேயர் பிடித்தனர். 1857 கிளர்ச்சிக்குப் பின் நாடெங்கும் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தபோது, குடகர்களுக்கு விலக்கு கிடைத்தது. 1861இல் அதை அறிவித்தவர் ஆணையர் மார்க் கப்பன். பெங்களூரின் கப்பன் பூங்கா தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். ஆங்கில ஆட்சிக்கு விசுவாசமாக இருந்ததற்கான பரிசுதான் அந்த விலக்கு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கத்தியை இடுப்பில் செருகும் வழக்கம் கப்பனுக்கு வெகுகாலம் முந்தியது. 1870இல் வெளியான ரிக்டர் பாதிரியாரின் குடகுக் கையேடு ஆண்களின் உடையை விவரிக்கும்போது, கறுப்பு அங்கியான குப்யாவோடும் இடுப்புப் பட்டான சேலேயோடும் இந்தக் கத்தியையும் சேர்த்தே சொல்கிறது.

பிறகு சேகரிப்பாளர்கள் வந்தார்கள். எகர்டன் பிரபு 1880இல் வெளியிட்ட இந்திய ஆயுதக் கையேட்டில் குடகுக் கத்திகள் இடம்பெற்றன. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் 1934இல் தொகுத்த ஆயுத அகராதியிலும் அவை உண்டு. இவர்களின் உழைப்பு பெரியதுதான். என்றாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் போன கத்தியைப் பற்றி நீளமும் வெள்ளி வேலைப்பாடும் தெரியுமே தவிர, எந்த ஒக்கவின், அதாவது எந்தக் குலத்தின் சொத்து என்பது பெரும்பாலும் தெரியாது. மிகப் பெரிய இழப்பு அதுதான்.

இன்றைய ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, உரிமம் கேட்கப்படக்கூடிய ஆயுத வகையில் சேரும். வீடு, விவசாயம் போன்ற வேலைகளுக்கானவை இதில் சேரா. கொடவர்களுக்கும் குடகில் ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை பெற்றவர்களுக்கும் தரப்பட்ட உரிம விலக்கை மத்திய அரசு 2019இல் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தினமும் கத்தி செருகும் காலம் மலையேறிவிட்டது. ஆனாலும் பெங்களூரு வசந்த நகர் கொடவ சமாஜத்தில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளையின் சேலேயில் பீச்சேகத்தி இருந்தே தீரும். நட்டு வைத்த வாழைத்தண்டுகளை ஒடிகத்தியால் ஒரே வீச்சில் வெட்டும் ‘பாளே பிருது’ சடங்கும் நடக்கும். இந்தக் கத்தியைக் காப்பாற்றி வந்தது சட்ட விலக்கோ அருங்காட்சியகமோ அல்ல, கல்யாண வீடும் கைல்போதும்தான்.

பழைய கத்தி தேடி அலையும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. யானைத் தந்தப் பிடி போட்டதை எவ்வளவு ஆசைப்பட்டாலும் வாங்காதீர்கள். தந்த வியாபாரம் சட்டப்படி குற்றம். மற்றதை வாங்கினால், எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தக் கொல்லர் என்று விற்பவரிடம் கேட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள்.