எழும்பூர் டு கொழும்பு: ஒரே டிக்கெட், ரெண்டு வரிசை

1/
எழும்பூர் ஸ்டேஷன் கவுன்டர்ல போய் "கொழும்பு கோட்டைக்கு ஒரு டிக்கெட் கொடுங்க"ன்னு கேட்டா, இன்னைக்கு நம்மள ஒரு மாதிரி பார்ப்பாங்க. நம்ம கொள்ளுத்தாத்தா காலத்துல அது சாதாரண விஷயம். ரயில், கப்பல், மறுபடியும் ரயில். மூணுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.

இந்தக் கதையில் டாக்டர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. முழுக்கப் பெருமைப்படுற பங்கு இல்ல. அதனாலதான் எழுதுறேன்.

2/
முதல்ல ஸ்டேஷன். இப்ப நாம பார்க்கிற எழும்பூர் கட்டடம் 1908-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டிக் கொடுத்தவர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் வண்டிகள் தெற்கே கிளம்பிய இடம் இது.

3/
1914-ல் பாம்பன் பாலம் திறந்தாங்க. ரயில் கடலைத் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் போச்சு. அங்கே இறங்கி கப்பல் ஏறினா சுமார் 35 கிலோமீட்டர்ல தலைமன்னார். அங்கே கொழும்பு வண்டி காத்திருக்கும்.

கப்பலோட சேர்த்து ஓடினதால பேரே 'போட் மெயில்'.

4/
"பாலமே போட்டிருந்தா நேரா கொழும்பு போயிருக்கலாமே"ன்னு தோணும். அப்படி ஒரு யோசனையும் அப்பவே இருந்தது. ஆனா நம்ம பக்கம் மீட்டர் கேஜ், இலங்கையில் அகலப்பாதை. கடலே இல்லாட்டியும் ஒரே வண்டியில் போய் இறங்கியிருக்க முடியாது.

5/
சரி, விஷயத்துக்கு வருவோம்.

ராமேஸ்வரம் போகும்போது மண்டபத்துக்கு முன்னாடி 'மண்டபம் கேம்ப்'னு ஒரு ஸ்டேஷன் வரும். எதுக்கு அந்த 'கேம்ப்'?

இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தனிமைப்படுத்தும் முகாம் அது. கடல் தாண்டுறதுக்கு முன்னாடியே எல்லை அங்கே தொடங்கிடும். காவலுக்கு நின்றவர்களில் டாக்டரும் ஒருவர்.

6/
காரணம் இல்லாம இல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. காலராவும் பெரியம்மையும் ஊர் ஊரா சுத்திக்கிட்டிருந்த காலம்.

காலரா கிருமி உள்ளே போனா சில மணி நேரத்தில் இருந்து 5 நாளுக்குள் தெரிஞ்சிடும். பிளேக் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். ஆகவே ஒரு வாரம் வெச்சுப் பார்த்தா இந்த ரெண்டையும் பிடிக்கலாம். பெரியம்மை வெளியே தெரிய ரெண்டு வாரம்கூட ஆகும். அதுக்குத் தடுப்பூசி. மருத்துவக் கணக்கு சரிதான்.

7/
ஆனா அந்தக் கணக்கு யாருக்கு?

முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளை டாக்டர் ரயிலிலேயே வந்து பார்த்துட்டு அனுப்பிடுவார். அவங்க கப்பலில் ஏறிடுவாங்க.

கங்காணி கூட்டிட்டு வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு முகாம். பெரும்பாலும் திருச்சி மாதிரி ஊர்களில் வண்டி ஏறியவங்க. துணிமணி எல்லாம் கிருமிநீக்கத்துக்குப் போகும். உடம்பெல்லாம் சோதனை. சுமார் ஒரு வாரம் கழிச்சுத்தான் கப்பல்.

காலரா கிருமி டிக்கெட் வகுப்பு பார்த்து வண்டி ஏறாது மக்களே.

8/
"ஏழைகள் ஊரில்தான் நோய் அதிகம், அதனால அவங்களை நிறுத்தினாங்க"ன்னு சொல்லலாம். உண்மைதான். நல்ல தண்ணி இல்லாத ஊரில் காலரா அதிகமாத்தான் இருக்கும். அந்த முகாம் பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கும். அதை மறுக்க மாட்டேன்.

ஆனா தோட்டத்துக்குத் தேவைப்பட்டது நோயில்லாத உழைப்பு. முகாம் சோதிச்சது அதைத்தான்.

9/
இதை எழுத எனக்கு என்ன தகுதி?

கொரோனா சமயம் ஒரு ரயில் நிலையத்தில் எனக்கு ஸ்க்ரீனிங் டூட்டி. ஏசி பெட்டியில் இருந்து இறங்கினவரிடம் "சார், கொஞ்சம் நெற்றியைக் காட்டுங்க"ன்னேன். வேலைக்காக வந்த தொழிலாளர்களை வரிசையா தரையில் உட்கார வெச்சோம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லி உத்தரவு போடல. கை தானா அப்படித்தான் போச்சு.

மண்டபம் முகாமைப் பத்திப் படிச்சப்போதான் அது உறைச்சது.

10/
கதை இத்தோட முடியல.

1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டத்தால மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனாங்க. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கணும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம்னு முடிவு.

எண்ணிக்கையைப் பேசினாங்க. அந்த மக்களைக் கேட்கல.

11/
அதே வருஷம் டிசம்பர் 22-23 இரவு புயல். தனுஷ்கோடி அழிஞ்சது, பயணிகளோடு ஒரு ரயிலும் போச்சு. அதுக்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்கு.

அந்தக் கப்பலில்தான் 'தாயகம் திரும்பியோர்' வந்து இறங்கினாங்க. இலங்கையிலேயே பிறந்தவங்களுக்கும் அதே பேர்தான். முதலில் போய்ச் சேர்ந்த இடம்? மண்டபம் முகாம். தாத்தாவைச் சோதிச்சு அனுப்பின அதே இடத்தில் பேரனுக்குப் பதிவு.

அவங்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கினாங்க. இன்னைக்கு 'டான்டீ' தேயிலைன்னு வாங்குறோமே, அதுதான்.

12/
1983-க்குப் பிறகு போர் அகதிகள். கப்பல் போக்குவரத்தும் நின்னு போச்சு. 2022-ல் இலங்கை பொருளாதாரம் சரிஞ்சப்போ படகில் தப்பி வந்தவங்களையும் மண்டபம் முகாமில்தான் தங்க வெச்சாங்க.

நூறு வருஷத்துக்கும் மேல ஒரே முகாம். ஒரு காலத்தில் போறவங்களுக்கு, பிறகு வர்றவங்களுக்கு.

13/
போட் மெயில் அதே பேரோட இன்னும் ஓடுது. ராமேஸ்வரத்தோட நின்னுடும்.

அடுத்த முறை அதில் போனா, விடியற்காலை 'மண்டபம் கேம்ப்' போர்டு தாண்டும்போது ஜன்னல் வழியா ஒரு தடவை பாருங்க.

உங்க குடும்பத்தில் யாராவது அந்த வழியா இலங்கைக்குப் போயிருந்தாலோ, திரும்பி வந்திருந்தாலோ, அவங்க சொன்னதைக் கீழே எழுதுங்க. அரசாங்கப் பதிவேட்டில் அவங்க வெறும் எண்ணிக்கைதான். உங்க வீட்டில் அவங்களுக்குப் பேர் இருக்கும்.