புதியவருக்கு வரைந்த படம்

புதியவருக்கு ஊரைக் காட்டும் இந்தப் படம் பிறந்தது பெங்களூரில் அல்ல, பாஸ்டனில். 1950களில் பக்கத்தில் உள்ள எம்.ஐ.டி.யில் நகரத் திட்டமிடல் கற்பித்துக்கொண்டிருந்த கெவின் லிஞ்ச், ஊர்க்காரர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தார். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு நகரத்தைச் சட்டென்று புரியவைப்பதுபோல வரையுங்கள், அளவு பிசகினால் பரவாயில்லை என்றார். பாஸ்டனில் சுமார் 30 பேர், ஜெர்சி சிட்டியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் 15 பேர் வீதம். இன்றைய ஆய்வாளர்கள் சிரிப்பார்கள், அத்தனை சிறிய கணக்கு. ஆனால் 1960இல் வந்த ‘தி இமேஜ் ஆஃப் தி சிட்டி’ அந்தப் பேச்சுகளிலிருந்தும் கோணல் கோடுகளிலிருந்தும் ஐந்து விஷயங்களைப் பிரித்தெடுத்தது: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம். நகர அமைப்பு படிப்பவர்கள் இன்னும் இந்த ஐந்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

பெங்களூரை அந்த ஐந்தில் அடக்குவது கொஞ்சம் சிரமம். லால்பாக், கெம்பாம்புதி ஏரி, அல்சூர் ஏரி, மேக்ரி சர்க்கிள் என்று நான்கு பக்கமும் நிற்கும் கெம்பே கௌடா கோபுரங்கள் ஒரு காலத்தில் ஊரின் விளிம்பு. இன்று நான்குமே நட்டநடு ஊரில் நிற்கின்றன. மெஜஸ்டிக் தியேட்டர் போய்விட்டது. பஸ் ஏறுகிறவர் கேட்பது மட்டும் இன்றும் மெஜஸ்டிக்தான். இல்லாத கட்டடத்தை வைத்து வழி சொல்லும் ஊரில் புதியவருக்குப் படம் வரைவதே தனிக் கலை.

1970களில் அந்தத் தாள் பெரியவர்கள் கையிலிருந்து பிள்ளைகள் கைக்கு மாறியது. யுனெஸ்கோ துணையோடு லிஞ்ச் தொடங்கிய ‘குரோயிங் அப் இன் சிட்டீஸ்’ ஆய்வு அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து என்று நான்கு நாடுகளில் வளரிளம் பிள்ளைகளை வரையச் சொன்னது. அர்ஜென்டினாவின் சால்ட்டா நகரில் லாஸ் ரோசாஸ் பகுதிப் பிள்ளைகளுக்கு வசதி குறைவு. ஆனாலும் தங்கள் பேட்டையைப் பற்றிப் பெருமையாகவே பேசினார்கள். மெல்போர்னின் புறநகரில், வீடும் புல்வெளியும் இருந்த பிள்ளைகளுக்கோ பொழுது போகவில்லை. 1977இல் புத்தகம் வெளிவந்தது. திட்டம் போடுகிறவர்கள் அதைப் படித்து எதையும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1984இல் லிஞ்ச் இறந்தபோது அது நூலக அலமாரியில் இருந்தது.

அங்கிருந்து அதை இறக்கியவர் ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா. 1990களின் நடுவில் அவர் அந்த ஆய்வை மறுபடி தொடங்கினார். ஜோஹானஸ்பர்க், வார்சா, ஓக்லண்ட் என்று நீண்ட புதிய பட்டியலில் பெங்களூரும் சேர்ந்தது. எம்.ஜி. ரோடோ ஜெயநகரோ அல்ல. நகரின் ஓரத்தில் மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட சத்யநகர். அரசுக் கணக்கில் கொளகேரி, அதாவது சேரி. ஆய்வாளர்கள் காஞ்சன் பானர்ஜியும் டேவிட் டிரிஸ்கெலும் அங்கே பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு வேலை செய்தார்கள்.

இங்கே படத்துக்குக் கால் முளைத்தது. வரைந்ததோடு நிற்காமல், வந்தவர்களைப் பிள்ளைகளே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார்கள். எங்கே விளையாடுவது, எங்கே போகக் கூடாது என்று அவர்களே சொன்னார்கள், அவர்களே போட்டோவும் எடுத்தார்கள். அதுவரை லிஞ்சின் புதியவர் ஒரு கற்பனை ஆள். சத்யநகரில் அவர் நோட்டுப் புத்தகத்தோடு நேரில் வந்து, காட்டிய சந்திலெல்லாம் நடந்தார்.

கிடைத்த பதில் வந்தவர்களைத் திகைக்கவைத்தது. தண்ணீர் சரியில்லை, கழிப்பறை இல்லை, வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை. இதையெல்லாம் பிள்ளைகள் மறைக்காமல் சொன்னார்கள். பெண் பிள்ளைகளின் நாளில் தண்ணீர் எடுப்பதும் வீட்டு வேலையும் எவ்வளவு நேரத்தைத் தின்றன என்பதும் வெளியே வந்தது. அதே வாயால், எங்கள் இடம் நல்ல இடம் என்றும் சொன்னார்கள். கூட்டாளிகள், தெரு விளையாட்டு, திருவிழா, பேர் சொல்லிக் கூப்பிடும் அக்கம்பக்கம். பணக்கார நாட்டு நகரங்களின் பிள்ளைகளைவிட இவர்கள் தங்கள் இடத்தோடு ஒட்டுறவாக இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு ‘ஏழ்மையிலும் இன்பம்’ என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பிள்ளைகள் சொன்னதன் முதல் பாதியைக் காதில் வாங்காதவர்கள் அவர்கள்.

படத்தைப் பார்த்தவர்கள் நிறைய; பார்த்தவர்களிடம் பிள்ளைகள் பதில் கேட்க வழி இருக்கவில்லை. டிரிஸ்கெல், பானர்ஜி, சாவ்லா மூவரும் 2001இல் ‘என்விரான்மென்ட் அண்ட் அர்பனைசேஷன்’ இதழில் எழுதிய கட்டுரை இதை ஒளிக்கவில்லை. பங்கேற்பு என்ற பேச்சுக்கும் நடப்புக்கும் இருந்த தூரத்தையும், வெளியிலிருந்து வரும் உதவியே சில சமயம் காலை வாரிவிடுவதையும் அது எழுதிவைத்தது. மறுவருடம், சத்யநகரில் கற்றதையும் சேர்த்து டிரிஸ்கெல் எழுதிய கையேட்டை யுனெஸ்கோ வெளியிட்டது. இந்தியச் சேரி ஒன்றின் பிள்ளைகளிடம் படித்த பாடத்தை எந்த நாட்டிலும் பின்பற்றலாம் என்றாகிவிட்டது.

அப்புறம் படம் அமெரிக்காவுக்கே திரும்பியது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் டிரிஸ்கெல் திட்டமிடல் துறைத் தலைவராகப் போனார். சாவ்லா அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்தார். 2009இல் ‘குரோயிங் அப் போல்டர்’ தொடங்கியது. பூங்கா, தெரு, நூலகம் என்று நகராட்சி கையில் எடுக்கும் வேலைகளில் பிள்ளைகளின் கருத்தும் போய்ச் சேர்ந்தது. சத்யநகரில் நோட்டோடு வந்தவரால் கோப்பில் கையெழுத்துப் போட முடியாது. போல்டரில் அதே ஆள் கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருந்தார். பிள்ளைகளின் திறமை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இந்தப் படத்துக்குப் பங்காளி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1990களின் தொடக்கத்தில் இரண்டு சிற்றூர்கள் ஆளுக்கொரு குழுவை மற்ற ஊருக்கு அனுப்பின. சொல்லிக்கொள்ளாமல் போய், முதல்முறை வந்தவர் கண்ணோடு சுற்றி, பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பார்ப்பவரே புதியவர். பெயர்ப்பலகை இல்லாதது, கடைக்காரர் முகம் கொடுக்காதது எல்லாம் அந்தக் கண்ணில் முதலில் படும். எந்தத் திண்ணை யாருடையது என்பது படாது. அதனால் சத்யநகர் முறைதான் ஆழமானது என்பது என் எண்ணம். ஆனாலும் பெங்களூருக்கு இரண்டும் தேவை. அல்சூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஜெயநகரையும், ஜெயநகர்ப் பிள்ளைகள் அல்சூரையும் ஒருநாள் நடந்து பார்த்து எழுதட்டும்; அடுத்த வாரம் அவரவர் பேட்டையை அவரவரே சுற்றிக் காட்டட்டும்.

பார்த்தவர்களிடம் பிள்ளைகள் பதில் கேட்பதற்குக் கர்நாடகக் கிராமங்களில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. குந்தாபுராவில் உழைக்கும் பிள்ளைகளோடு தொடங்கிய மக்கள பஞ்சாயத்தின் (கன்னடத்தில் ‘மக்கள’ என்றால் பிள்ளைகளின்) வழியில், கிராமப் பஞ்சாயத்துகள் பிள்ளைகளுக்கெனத் தனியே மக்கள கிராம சபை கூட்ட வேண்டும் என்று மாநில அரசே 2006இல் சொன்னது. அங்கே பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பஞ்சாயத்துக்காரர்கள் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சத்யநகரைச் சுற்றிப் பார்த்த எவருக்கும் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.