சீர்திருத்தமும் பறித்தலும்

கனடா தேசத்தின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரை அடுத்த கடற்கழிகளிலும் ஸ்குவாமிஷ் ஆற்றங்கரையிலும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருவோர் ஸ்குவாமிஷ் மக்களாவர். தேவதாரு மரத்தால் நெடுமனைகளும் ஓடங்களும் சமைத்து, சால்மன் மீனை முதன்மை உணவாகக் கொண்டு வாழ்ந்த இவர்தம் மொழி, இருபதுக்கு மேற்பட்ட மொழிகளையுடைய சலிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. வினையை வாக்கியத்தின் முதலில் நிறுத்துதல் அதன் இயல்பு.

இம்மக்களுக்குப் பண்டு எழுத்து இல்லை. ஆயினும் பதிவு இல்லாமற் போகவில்லை. பெயர் சூட்டுங்காலும் உரிமை வழங்குங்காலும் பல ஊராரை அழைத்து விருந்திட்டுப் பொருளை வாரி வழங்குவர். பரிசு பெற்றோர் அந்நிகழ்ச்சிக்குச் சாட்சியாவர். பொட்லாச் எனப்படும் இவ்விருந்தே அவர்தம் பத்திரமாகும். இதனை வீண் செலவென்றும் அநாகரிகமென்றும் பழித்து, 1884-இல் கனடா அரசாங்கம் சட்டத்தால் தடுத்தது. 1951 வரை அத்தடை நீங்கவில்லை.

1899-இல் வட வான்கூவரில் உறைவிடப் பள்ளியொன்று எழுந்தது. அது மூடப்பெற்ற 1959 வரை, இம்மக்களின் பிள்ளைகள் அங்கே தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். 1913-இல் செனாக் என்னும் ஊரிலிருந்தோர் படகிலேற்றி அனுப்பப்பட்டனர். அவர்தம் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது.

ஆடம்பரத் திருமணத்தையும் பொருளற்ற சடங்கையும் கண்டிக்கும் நாம் இவ்விடத்துச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். 'வீண் செலவு' என்னும் சொல்லை நாமும் ஆள்கின்றோம் அன்றோ? பின் வேறுபாடு யாது? ஒரு சமூகம் தன் அறிவைக்கொண்டு தன் வழக்கத்தை ஆராய்ந்து தள்ளுவது சீர்திருத்தம். பிறர் வந்து, அதன் நிலத்தையும் நாவையும் கைப்பற்றிக்கொண்டு, வழக்கத்தைத் தள்ளென்று ஆணையிடுவது பறித்தல். முன்னது மக்களை உயர்த்தும். பின்னது மக்களையே அழிக்கும்.

ஸ்குவாமிஷ் மக்கள் மாறுதலுக்கு அஞ்சியோரல்லர். 1923-இல் அவர்தம் பதினாறு குழுக்கள் வேற்றுமை நீக்கித் தாமே ஒன்றாயின. லூயி மிராண்டா போன்ற முதியோர் அறிஞருடன் கூடி உழைத்தனர். மொழிக்கு எழுத்து முறை அமைந்தது. குரல்வளையைச் சட்டென மூடித் திறக்கும் ஒலிக்கு 7 என்னும் எண்ணையே எழுத்தாகக் கொண்டனர். 1967-இல் இலக்கணமும், 2011-இல் அகராதியும் அச்சேறின. 2016-இல் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் இம்மொழிக்கு முழுநேர வகுப்பும் தொடங்கிற்று.

தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டனை பெற்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதனைப் பாடமாகக் கற்கின்றனர். பழமையை ஆராயும் நாம், எதனைத் தள்ளுவது எனக் கேட்பதோடு, தள்ளச் சொல்பவர் யாவர் என்றும் கேட்போமாக.