குண்டூர் கிரகணமும் கதிரவனின் மஞ்சட்கோடும்

தில்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சென்னைக்கு ரயிலில் செல்லும் நம்மவர், விஜயவாடாவை அடுத்துக் கிருஷ்ணா நதியைக் கடக்கின்றனர். அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குண்டூர். மிளகாய்க்குப் பெயர்பெற்ற அவ்வூருக்கு வானநூல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை? இக்கேள்விக்கு மனிதன் ஒருநாளும் விடை காண இயலாது என்று 1835-இல் எழுதினார், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட். அவர் கூறியதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. அள்ளி எடுத்துச் சோதிக்க முடியாத பொருளை அறிவது எங்ஙனம்?

ஆனால் ஒளியே அங்கிருந்து செய்தி கொண்டுவருகிறது. எரியும் அடுப்பில் உப்பு சிதறினால் தழல் மஞ்சளாக ஒளிர்வதை நம் இல்லங்களில் காணலாம். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியில் ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும் என்பதை 1859-60 ஆண்டுகளில் ஜெர்மனியின் கிர்க்காஃப், புன்சென் ஆகிய இருவரும் நிலைநாட்டினர். காம்டின் தீர்ப்பு கால் நூற்றாண்டுதான் நிலைத்தது.

இக்கருவியை முழுச் சூரிய கிரகணத்தின்போது பயன்படுத்த அரிய வாய்ப்பு 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் கிட்டியது. சந்திரனின் நிழல் இந்தியாவின் குறுக்கே சென்றது. பிரான்சிலிருந்து வந்த ஜான்சனும், ஆங்கில அரசின் சார்பில் டென்னன்டும் குண்டூரில் கருவிகளை நிறுவினர். சென்னை வானிலையத்தின் போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். சூரிய விளிம்பில் எழும் செந்தழல்கள் எவை என்பதே அவர்கள் கேள்வி. சந்திரன் சூரியனை மறைத்த அந்தச் சில நிமிடங்களில் விடை கிடைத்தது: கருவியில் ஒளிமிக்க தனிக்கோடுகள் தோன்றின. ஆகவே அத்தழல்கள் வாயு. அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன்.

ஜான்சன் அத்துடன் நிற்கவில்லை. கோடுகள் இவ்வளவு பிரகாசமாயின், கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைக் காணலாம் அன்றோ? வானத்தின் பொது வெளிச்சம் நிறமாலை முழுவதும் பரவி மங்கிவிடும்; தழலின் ஒளியோ சில கோடுகளிலேயே குவிந்து நிற்கும். மறுநாட் காலை அவர் அவ்வாறே கண்டார். இச்செய்தியை அறியாமலே, அக்டோபர் 20-இல் இங்கிலாந்தில் லாக்கியரும் அதே முறையில் வெற்றி கண்டார். இருவர் மடல்களும் பாரிஸ் அறிவியற் கழகத்தில் ஒரே நாளில் படிக்கப்பட்டன. பின்னர் இருவர் உருவமும் பொறித்த ஒரே பதக்கத்தைப் பிரெஞ்சு அரசு வெளியிட்டது.

கிரகணத்தன்று தோன்றிய கோடுகளில் ஒன்று மஞ்சள் நிறம். சோடியத்தின் கோடு என்றே முதலில் பலர் கருதினர். லாக்கியர் நுணுகி நோக்க, அது சற்று விலகி நிற்கக் கண்டார். பூமியில் அறிந்த எந்தப் பொருளிலும் அக்கோடு இல்லை. அதைத் தரும் புதிய மூலகத்திற்குக் கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹீலியம்’ என்ற பெயர் எழுந்தது. தமிழில் அதைப் ‘பரிதியம்’ என்போரும் உளர், பொருளுணர்ந்த ஆக்கம்.

குண்டூரில் ஜான்சன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று சுருக்கிக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. குண்டூர் வழியைத் திறந்தது. லாக்கியர் ஐயத்தை எழுப்பினார். கண்ணுக்கெட்டாத பொருளைப் பெயரிட்டழைப்பது தகுமா என்று வேதியியலார் பலர் தயங்கினர். 1895-இல் ராம்சே, யுரேனியம் அடங்கிய கனிமமொன்றிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் அதே மஞ்சட்கோட்டைக் கண்டபோதுதான் தயக்கம் தீர்ந்தது. பூமியில் கைக்குக் கிட்டுமுன் கதிரவனில் அறியப்பட்ட மூலகம் அது. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாவதே சூரியனின் வெப்பத்திற்கு மூலம் என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

அவ்வாராய்ச்சி மரபு தொடர்ந்தது. 1899-இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வுநிலையம் அமைந்தது. 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா கலம், சூரிய வட்டத்தைத் தன் கருவிக்குள்ளேயே மறைத்து, அதன் ஒளிவளையத்தை நோக்குகிறது. கிரகணத்திற்காகக் காத்திராமல் கதிரவனை ஆராயலாம் என்று குண்டூரில் அன்று தோன்றிய எண்ணத்திற்கு இது தகுந்த வாரிசு. அறியவே முடியாது என்று சொல்லப்படும் எதனையும் சற்றுப் பொறுத்தே நம்பவேண்டும் என்பதற்கும் அந்த மஞ்சட்கோடு ஒரு சான்று.