பசியும் உணவின் மீதான காட்சிக் கவனமும்

பசித்திருப்பவரின் கண், உணவையும் உணவைச் சுட்டும் குறிகளையும் மற்றவற்றுக்கு முன்பாகப் பற்றிக்கொள்வது காட்சிக் கவனச் சாய்வு எனப்படும். பசி பார்வையைக் கூர்மையாக்குவதில்லை. கண்டவற்றுள் எதற்கு முதலிடம் என்பதையே மாற்றுகிறது.

காரின் மாக், பிரெண்டன் பிராட்லி குழுவினர் 1998இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வு இதற்குச் சான்று. திரையில் இரு சொற்கள் தோன்றும். ஒன்று உணவுச் சொல். இரண்டும் மறைந்ததும் ஒன்றின் இடத்தில் புள்ளி வரும்; அதை எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறார்கள் என்பதே கவனத்தின் அளவுகோல். பசித்தவர்களின் கவனம் உணவுச் சொல் இருந்த பக்கமே சாய்ந்தது. சொற்களை உணர முடியாத வேகத்தில் காட்டி மறைத்தபோது இச்சாய்வு காணப்படவில்லை.

2016இல் பாஸ்டனில் மார்க் ஆண்டர்மன் குழு சுண்டெலிகளின் மூளையைப் பார்த்தது. குறிப்பிட்ட ஒரு கோட்டுப் படம் வந்தால் உணவு கிடைக்கும் என்று எலிகளைப் பழக்கியிருந்தார்கள். பசித்த எலிகளில் முதன்மைப் பார்வைப் புறணி அப்படத்துக்குத் தனிச்சலுகை காட்டவில்லை. அதற்கு அப்பாலுள்ள பகுதியும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுமே காட்டின. பசி இயக்குநீரான கிரெலினை மனிதர்களுக்குச் செலுத்திய மாண்ட்ரியல் ஆய்விலும் (2008) உணவுப் படங்களுக்கு அமிக்டலாவின் துலங்கல் கூடியது.

கோட்டுப் படம் உணவல்ல. பழக்கமே அதை உணவின் குறியாக்கியது. கன்னியாகுமரி மாவட்டத்து மரச்சீனியும் அப்படித்தான். தென்னமெரிக்கக் கிழங்கான இதைத் திருவிதாங்கூரில் பரப்ப ஊக்கமளித்தவர் விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி 1880–1885). 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, அன்று திருவிதாங்கூரில் இருந்த இப்பகுதி ஏழைகளின் வயிற்றை நிரப்பியது மரச்சீனியே. இன்று அவித்த மரச்சீனியும் மீன்கறியும் எதிரில் இருந்தால், பசித்த உள்ளூர்க்காரர் கண் வேறெங்கும் போகாது. தின்று பழகாத வெளியூர்க்காரருக்கோ அது வெறும் வெள்ளைக் கிழங்கு.

நெடும்பசி கவனத்தை முழுதாகவே வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45இல் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனையில், ஆறு மாதம் அரைவயிற்றில் இருந்த 36 இளைஞர்களில் சிலர் சமையல் புத்தகங்களைப் படிப்பதில் மூழ்கினார்கள். இத்தகைய பசியைக் கன்னியாகுமரி மாவட்டத்து எழுத்தில் அறிய விரும்புவோர் ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையைப் படிக்கலாம்.

வயிறு நிறைந்தாலும் இச்சாய்வு எல்லா உணவின் மீதும் ஒரே அளவில் தணிவதில்லை. உண்ட பண்டத்தின் மேல் விருப்பம் வெகுவாகக் குறையும், உண்ணாததன் மேல் அவ்வளவு குறையாது என்று பார்பரா ரோல்ஸ் குழு 1981இல் காட்டியது. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் சோறு போதும் என்று கை மறித்தவரும் பாயச வாளி வரும் திசையைப் பார்த்திருப்பது இதனால்தான்.